பெருந்தொற்றுக்கு நடுவே மீண்டும் ஆட்டம்: ஆபத்தை எடைபோடுவது எப்படி?

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கோவிட்-19ஐப் பெருந்தொற்று என்று அறிவித்தது. அதே நாள் இரவு, ஒரு வீரருக்குத் தொற்று உறுதியானதும் அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்துத் தொடர் நிறுத்தப்பட்டது. இரண்டு வாரங்களுக்குள் டோக்கியோ ஒலிம்பிக்கும் ஓராண்டு தள்ளிப்போனது. ஆனால் மே மாதத்திலேயே தென் கொரியாவில் பேஸ்பாலும் கால்பந்தும், ஜெர்மனியில் பண்டெஸ்லிகா கால்பந்துத் தொடரும் பார்வையாளர் இல்லாத அரங்குகளில் மீண்டும் தொடங்கிவிட்டன. நிறுத்தும் முடிவை ஓர் இரவில் எடுக்க முடிந்தது. திரும்பும் முடிவை ஒவ்வொரு வீரரும், பயிற்சியாளரும், அணி மருத்துவரும், பேருந்து ஓட்டுநரும், அவர்கள் வீட்டில் இருப்பவர்களும் தனித்தனியாக எடுக்க வேண்டியிருந்தது. அடுத்த பெருந்தொற்று எந்தக் கிருமியால் வந்தாலும் அதே நிலை திரும்ப வரும் என்பதால், கோவிட் காலத்தில் கற்றவற்றைக் கொண்டு அந்த முடிவை எப்படி எடுப்பது என்று இங்கே விளக்குகிறேன்.

"ஆடுவது பாதுகாப்பானதா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கேள்வியை அப்படியே வைத்துக்கொண்டால் பயனுள்ள விடை கிடைக்காது. ஒரு தொழில்முறை வீரர் ஆடுகளத்தில் இருப்பது ஒரு நாளில் சில மணி நேரம்தான். மற்ற நேரமெல்லாம் உடை மாற்றும் அறையிலும், அணிப் பேருந்திலும், பிசியோ எனப்படும் உடலியக்கச் சிகிச்சையாளரின் மேசையிலும், உணவுக் கூடத்திலும், விடுதி அறையிலும், வீட்டிலும் கழிகிறது. கோவிட் காலத்தில் அணிகளுக்குள் தொற்று பரவிய விதத்தை ஆராய்ந்தபோது, ஆட்டத்தை விட அதைச் சுற்றியிருந்த இந்த நேரங்களே பெரும்பாலும் காரணமாக இருந்தன. எனவே நீங்கள் எடைபோட வேண்டியது ஆட்ட நேரத்தை மட்டுமல்ல, முழு நாளையும்தான்.

முதலில் ஊரின் நிலவரம்

அணிக்குள் எத்தனை விதிகள் இருந்தாலும் தொற்று வெளியிலிருந்துதான் உள்ளே வருகிறது. ஆகவே முதல் கணக்கை அணியைப் பற்றிப் போடாமல் ஊரைப் பற்றிப் போடுங்கள். அந்த நேரத்தில் உங்கள் பகுதியில் பிறருக்குத் தொற்றைப் பரப்பும் நிலையில் இருப்பவர்கள் தோராயமாக எத்தனை பேரில் ஒருவர் என்பதை உள்ளூர்ச் சுகாதாரத் துறையின் புள்ளிவிவரத்திலிருந்து மதிப்பிடலாம். பரிசோதனை குறைவாக நடக்கும் இடங்களில் உண்மை எண்ணிக்கை அறிவிக்கப்பட்டதைவிடக் கணிசமாகக் கூடுதலாக இருக்கும் என்பதை மனத்தில் கொண்டு, மதிப்பீட்டைச் சற்று உயர்த்தியே வையுங்கள்.

ஆயிரத்தில் ஒருவருக்குத் தொற்று இருக்கும் ஊரில், வீரர்களும் ஊழியர்களுமாக 60 பேர் கொண்ட அணியில் குறைந்தது ஒருவராவது தொற்றோடு வந்திருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 6 சதவீதம். இருநூற்றில் ஒருவர் என்ற நிலைக்கு ஊர் போய்விட்டால் அதே 60 பேருக்கு அந்த வாய்ப்பு ஏறக்குறைய 26 சதவீதமாகிவிடுகிறது. அதாவது, நான்கு முறை அணி கூடினால் ஒரு முறையாவது உள்ளே தொற்று இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். யாரிடம் எந்த அறிகுறியும் தெரியாவிட்டாலும் இந்தக் கணக்கு மாறாது, ஏனெனில் கோவிட்-19ஐப் பொறுத்தவரை அறிகுறி தோன்றுவதற்கு ஏறத்தாழ இரண்டு நாள்களுக்கு முன்பிருந்தே ஒருவர் பிறருக்குப் பரப்பத் தொடங்கிவிடுகிறார்.

ஐபிஎல் கிரிக்கெட் தொடரின் இரண்டு ஆண்டுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஊர் நிலவரத்தின் எடை தெளிவாகும். 2020இல் தொடர் முழுவதும் ஐக்கிய அரபு அமீரகத்துக்கு மாற்றப்பட்டு, சாலை வழியே சென்றுவரக்கூடிய துபாய், அபுதாபி, ஷார்ஜா ஆகிய மூன்று அரங்குகளில் நடந்தது. தொடங்கும் முன்னர் ஓர் அணியில் இரண்டு வீரர்கள் உட்பட 13 பேருக்குத் தொற்று உறுதியானது. அது தனிமைப்படுத்தல் கட்டத்திலேயே பிடிபட்டதால் தொடர் இறுதிப் போட்டிவரை தடையின்றி நடந்தது. 2021இல் ஆறு இந்திய நகரங்களில் நடத்தத் திட்டமிடப்பட்டு, அணிகள் நகரம் விட்டு நகரம் விமானத்தில் சென்றன. நாட்டில் ஒரே நாளில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று பதிவான நேரம் அது. பல அணிகளில் தொற்று தோன்றியதும், 29 ஆட்டங்களோடு மே 4 அன்று தொடர் நிறுத்தப்பட்டு, மீதி ஆட்டங்கள் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மீண்டும் அமீரகத்தில்தான் நடந்தன. இரண்டு ஆண்டிலும் அணிகளை வெளியாரோடு கலக்காமல் தனியே தங்கவைக்கும் பாதுகாப்பு வளையம் இருந்தது. வளையத்துக்கு வெளியே இருந்த ஊரும் பயணத்தின் அளவும் வேறாக இருந்தன.

நாளை மணிவாரியாகப் பிரியுங்கள்

ஒரு தாளை எடுத்து, காலையில் எழுந்தது முதல் இரவு படுக்கும்வரை நீங்கள் யாரோடு, எங்கே, எவ்வளவு நேரம் இருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் எதிரே நான்கு விஷயங்களைக் குறியுங்கள்: எவ்வளவு நேரம், எவ்வளவு நெருக்கம், காற்றோட்டம் எப்படி, முகக்கவசம் இருக்கிறதா. அமெரிக்கக் கால்பந்தின் என்எஃப்எல் அமைப்பு 2020இல் இந்த நான்கையும் பட்டறிவால் கற்றது. தொடக்கத்தில் அது ஆறு அடிக்குள் மொத்தம் 15 நிமிடம் இருந்தவர்களையே நெருங்கிய தொடர்பாளர்களாகக் கணக்கெடுத்தது. வீரர்களும் ஊழியர்களும் அணிந்திருந்த தொலைவு அளக்கும் கருவிகளின் பதிவுகளை ஆராய்ந்தபோது, 15 நிமிடத்துக்கும் குறைவான தொடர்பிலேயே சிலருக்குத் தொற்று பரவியிருந்தது தெரியவந்தது. சேர்ந்து உண்டது, ஒரே வாகனத்தில் சென்றது, மூடிய அறையில் முகக்கவசம் இல்லாமல் பேசியது ஆகியவையே அந்தத் தொடர்புகளில் மீண்டும் மீண்டும் காணப்பட்டன. அதன்பிறகுதான் நேரத்தோடு காற்றோட்டத்தையும் முகக்கவசத்தையும் சேர்த்து எடைபோடும் முறைக்கு அந்த அமைப்பு மாறியது.

இந்தத் தாளில் உடை மாற்றும் அறைக்கு அதிக இடம் ஒதுக்குங்கள். பெரும்பாலும் சன்னல் இல்லாத, தாழ்வான கூரையுள்ள, குளியலறையின் ஈரம் நிறைந்த அறை அது. ஆட்டம் முடிந்து மூச்சு வாங்கிக்கொண்டு இருபது பேர் ஒருவர் தோளை ஒருவர் உரசியபடி உட்கார்ந்து, வென்றிருந்தால் உரக்கப் பாடி, தோற்றிருந்தால் உரக்க வாதிட்டு, அரை மணி நேரமாவது அங்கேயே இருப்பார்கள். கடும் உடற்பயிற்சிக்குப் பின் ஒருவர் உள்ளிழுத்து வெளிவிடும் காற்றின் அளவு ஓய்விலிருப்பதைவிடப் பல மடங்கு. உரத்த குரல் வெளித்தள்ளும் நுண்துளிகளும் மெல்லிய பேச்சைவிட அதிகம். இந்த இரண்டும் காற்றோட்டமற்ற ஓர் அறையில் சேரும்போது, அணிக்குள் தொற்று பரவுவதற்கு இதைவிட வசதியான இடம் வேறு இருக்க முடியாது. பண்டெஸ்லிகா மீண்டும் தொடங்கவிருந்த 2020 மே மாதத்தில் ஹெர்தா பெர்லின் வீரர் சாலமன் கலூ தம் அணியின் உடை மாற்றும் அறையிலிருந்து ஒரு நேரலைக் காட்சியை வெளியிட்டார். வீரர்கள் வழக்கம்போல் கைகுலுக்கிக்கொள்வது அதில் தெரிந்தது. அவர் அணியிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டார். அச்சிட்ட விதிமுறைக்கும் அறைக்குள் நடப்பதற்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கக்கூடும் என்பதை அந்தச் சில நிமிடக் காட்சி எல்லோருக்கும் காட்டிவிட்டது. உங்கள் தாளில் விதிப்படி நடக்க வேண்டியதை எழுதாதீர்கள். நேற்று உண்மையில் நடந்ததை எழுதுங்கள்.

அறையை எப்படிச் சீராக்குவது? உடையை விடுதியிலேயே மாற்றிக்கொண்டு வருவதும், குளிப்பதை விடுதிக்குத் தள்ளிப்போடுவதும் செலவில்லாத, மிகப் பயனுள்ள மாற்றங்கள். அணியை இரண்டு மூன்று அறைகளுக்குப் பிரித்து அமர்த்தலாம். ஆட்டத்துக்கு முந்தைய ஆலோசனையைத் திறந்த வெளியில் நின்றே நடத்தலாம். அறைக்குள் காற்று மாறுகிறதா என்று அறியக் கரியமில வாயு அளவியைப் பயன்படுத்துங்கள். வெளிக்காற்றில் அது பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு இருக்கும். ஆள்கள் நிறைந்த அறையில் 800ஐத் தாண்டினால் வெளிக்காற்று போதிய அளவு வரவில்லை என்று பொருள். நுண்துளிகளை வடிகட்டும் ஹெப்பா காற்றுச் சுத்திகரிப்பான் உதவும், ஆனால் அது கரியமில வாயுவைக் குறைக்காது என்பதால் அளவியின் எண்ணைக்கொண்டு மட்டும் சுத்திகரிப்பான் வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். மேசையையும் கதவுப் பிடியையும் ஓயாமல் துடைப்பதில் அணிகள் செலவிட்ட உழைப்பில் பாதியையாவது காற்றோட்டத்தில் செலவிட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பது என் உறுதியான கருத்து. கைகளைக் கழுவுவது அவசியம்தான். ஆனால் காற்றில் பரவும் நோய்க்கு முதல் தற்காப்பு காற்றிலேயே இருக்கிறது.

பேருந்தில் சன்னல்களைத் திறந்து, ஓர் இருக்கை விட்டு ஓர் இருக்கையில் அமர்ந்து, முகக்கவசம் அணிந்தால் போதும். உணவுக் கூடத்தில் முகக்கவசம் அணிய முடியாது என்பதால் அங்கே நேரத்தையும் ஆள்களின் எண்ணிக்கையையும் குறைப்பதே வழி.

ஆடுகளத்தில் எவ்வளவு ஆபத்து?

இது விளையாட்டுக்கு விளையாட்டு மாறுபடும். திறந்த வெளியில், வீரர்கள் பரவி நிற்கும் கிரிக்கெட்டிலும் டென்னிஸிலும் ஆட்டத்தின் பங்கு குறைவு. 2020 ஜூனில் சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் பந்தில் எச்சில் தடவுவதைத் தடை செய்தது. பந்துவீச்சாளரின் தொப்பியையும் கம்பளிச் சட்டையையும் நடுவர் வாங்கி வைத்துக்கொள்ளும் பழைய வழக்கமும் நின்றது. உடலோடு உடல் மோதும் ரக்பியில் ஆபத்து மிகுதி என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஆனால் 2020இல் இங்கிலாந்தின் சூப்பர் லீக் ரக்பியில் தொற்றோடு ஆடியிருந்த எட்டு வீரர்களின் ஆட்டங்களைக் காணொளி வழியே ஆராய்ந்தபோது, எதிரணி வீரர்களோடு பலமுறை மோதிப் பிடித்திருந்தும், ஆட்டத்தின்போது தொற்று பரவியதற்கான சான்று கிடைக்கவில்லை. திறந்த வெளியில் வினாடிக் கணக்கில் நிகழும் நெருக்கம் என்பதே அதற்கு ஏற்ற விளக்கம்.

மூடிய அரங்கில் நிலை தலைகீழாகிவிடுகிறது. 2020 ஜூன் 16 அன்று அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் டாம்பா பகுதியில், பொழுதுபோக்குக்காக ஆடுபவர்களின் ஐஸ் ஹாக்கி ஆட்டம் ஒன்று நடந்தது. ஆடிய 22 பேரில் ஒருவருக்கு மறுநாள் அறிகுறி தோன்றியது. அடுத்த சில நாள்களில் மொத்தம் 14 வீரர்களும் அரங்க ஊழியர் ஒருவரும் நோயுற்றனர். குளிர்ந்த, மூடிய அரங்கு, பனித்தளத்தைச் சுற்றிக் காற்றைத் தேக்கும் தடுப்புச் சுவர், முகக்கவசம் இல்லாத உடை மாற்றும் அறை, கடுமையான மூச்சிரைப்பு ஆகிய அனைத்தும் ஒரே இடத்தில் சேர்ந்திருந்தன. கூடைப்பந்து, கைப்பந்து, மல்யுத்தம், பூப்பந்து போன்ற உள்ளரங்கு விளையாட்டுகளுக்குத் திரும்புவோர் இந்த ஒரு நிகழ்வை மனத்தில் வைத்துத்தான் அரங்கத்தின் காற்றோட்டத்தைப் பற்றிக் கேள்வி கேட்க வேண்டும். வெளிக்காற்று எங்கிருந்து வருகிறது, மணிக்கு எத்தனை முறை அறையின் காற்று முழுதும் மாறுகிறது என்று நிர்வாகத்திடம் கேளுங்கள். விடை சொல்லத் தெரிந்தவர் யாரும் இல்லையென்றால் அதையே விடையாக எடுத்துக்கொள்ளலாம்.

கடும் பயிற்சியின்போது முகக்கவசம் அணிய வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது. வியர்வையில் நனைந்த கவசம் மூச்சுக்கும் தடை, கிருமிக்கும் இடம். மாற்று ஆட்டக்காரர்கள் அமரும் இருக்கையிலும் பயிற்சியாளர் கத்திக்கொண்டிருக்கும் எல்லைக்கோட்டிலும் அது வேண்டும்.

பரிசோதனை முடிவை வாசிக்கும் முறை

அணிகள் மிக அதிகமாகத் தவறிழைத்தது இங்கேதான் என்று நினைக்கிறேன். பரிசோதனை என்பது தொற்றைக் கண்டுபிடிக்கும் கருவி. அது யாரையும் தொற்றிலிருந்து காப்பதில்லை. "தொற்று இல்லை" என்று வந்த முடிவு, மாதிரி எடுத்த அந்த நேரத்தில் கண்டுபிடிக்கக்கூடிய அளவுக்குக் கிருமி இல்லை என்று மட்டுமே சொல்கிறது. கோவிட்-19இன் தொடக்க வகையில் தொற்று ஏற்பட்டதிலிருந்து அறிகுறி தோன்ற ஏறத்தாழ ஐந்து நாள் ஆனது, சிலருக்குப் பதினான்கு நாள்வரை நீண்டது. 2020இல் வெளியான ஓர் ஆய்வின் மதிப்பீட்டில், தொற்று ஏற்பட்ட நான்காம் நாளில் எடுத்த, கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனைகள் 67 சதவீதம் அளவுக்குத் தொற்றைத் தவறவிட்டன. அறிகுறி தோன்றும் நாளில் அது 38 சதவீதம். அறிகுறி தோன்றி மூன்று நாளுக்குப் பின்னரும் 20 சதவீதம். மிக நல்ல நாளில்கூட ஐந்தில் ஒன்று தப்பிவிடுகிறது.

ஆகவே தொற்றுள்ள ஒருவரோடு நேற்று நெருங்கிப் பழகிவிட்டு இன்று காலை எடுத்த பரிசோதனையில் தேறிவிட்டோம் என்று ஆட இறங்குவதில் பொருளில்லை. 2021 செப்டம்பரில் இங்கிலாந்துக்கு எதிரான ஐந்தாவது டெஸ்டுக்கு முன் இந்திய அணியின் பிசியோவுக்குத் தொற்று உறுதியானது. வீரர்களின் பரிசோதனைகளில் தொற்று இல்லை என்றே வந்தது. இருந்தும் மான்செஸ்டரில் ஆட்டம் தொடங்கச் சில மணி நேரம் இருந்தபோது டெஸ்ட் ரத்தானது. அதைக் கடுமையாக விமர்சித்தவர்கள் உண்டு. ஆனால் பிசியோ என்பவர் ஒவ்வொரு வீரரின் தசையையும் கையால் நீவிவிட்டு, நீண்ட நேரம் அருகிலேயே இருப்பவர். அப்படிப்பட்டவரிடமிருந்து தொற்று வாங்கியிருந்தால் அது பரிசோதனையில் தெரியச் சில நாள் பிடிக்கும் என்ற வீரர்களின் அச்சத்துக்கு மருத்துவ அடிப்படை இருந்தது.

இதற்கு நேர் எதிரான சிக்கலும் உண்டு. நோயிலிருந்து மீண்டவரின் மூக்கிலிருந்து பிசிஆர் பரிசோதனை பல வாரங்களுக்குக் கிருமியின் எச்சங்களைக் கண்டுபிடித்துக்கொண்டே இருக்கலாம். அந்தக் கட்டத்தில் அவர் பிறருக்குப் பரப்புபவராக இருப்பதில்லை. கிருமியின் புரதத்தைத் தேடும் ஆன்டிஜன் பரிசோதனை உணர்திறன் குறைந்தது என்றாலும் கிருமி மிகுந்திருக்கும், அதாவது பரப்பும் வாய்ப்பு கூடிய நாள்களை ஓரளவு நன்றாகவே காட்டிக்கொடுக்கும், முடிவும் சில நிமிடங்களில் வந்துவிடும். முடிவு வர இரண்டு நாள் ஆகும் துல்லியமான பரிசோதனையை வாரம் ஒரு முறை செய்வதைவிட, உடனே முடிவு தரும் சுமாரான பரிசோதனையை அடிக்கடி செய்வது அணிக்குப் பெரிதும் பயன்படும். வீரராக இருந்தால் நிர்வாகத்திடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எத்தனை நாளுக்கு ஒரு முறை, முடிவு எத்தனை மணி நேரத்தில் வரும், முடிவு வரும்வரை என்னை யாரோடு வைத்திருப்பீர்கள்? மூன்றாவது கேள்விக்கான விடையில்தான் நிர்வாகத்தின் அக்கறை தெரியும்.

உங்கள் உடல், உங்கள் வீடு

இளம் வீரர்களுக்குக் கடுமையான நோய் ஏற்படும் வாய்ப்பு குறைவு என்பது கோவிட்-19இல் உண்மையாகவே இருந்தது. ஆனால் எல்லா வீரர்களும் எல்லா நிலையிலும் நலமாக இருப்பவர்கள் அல்லர். நீரிழிவு, இதயக் குறை, நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்துகள், மிகுந்த உடற்பருமன், கருவுற்றிருத்தல் ஆகியவை கணக்கை மாற்றுகின்றன. அணியோடு இருப்பவர்களில் தலைமைப் பயிற்சியாளரும் உபகரணப் பொறுப்பாளரும் நடுவர்களும் ஓட்டுநர்களும் வீரர்களைவிடப் பல ஆண்டு மூத்தவர்கள். "வீரர்களுக்கு ஆபத்து குறைவு" என்று முடிவுசெய்யும் கூட்டத்தில் இவர்களின் பிரதிநிதி ஒருவராவது இருக்கிறாரா என்று பாருங்கள். சம்பளம் குறைந்தவருக்கு மறுத்துச் சொல்லும் வசதியும் குறைவு.

வீட்டின் கணக்கு அதைவிடக் கடினமானது, ஏனென்றால் அங்கே ஆபத்தைத் தாங்கப்போவது முடிவெடுத்தவர் அல்லர். சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் பேஸ்பால் அணியின் பஸ்டர் போஸி 2020 பருவம் முழுவதையும் விட்டுக்கொடுத்தார். அப்போதுதான் அவரும் மனைவியும் குறைமாதத்தில் பிறந்த இரட்டைப் பெண் குழந்தைகளைத் தத்தெடுத்திருந்தார்கள். என்எஃப்எல்லில் ஆடும் கான்சஸ் சிட்டி அணியின் வீரர் லோரோன் துவெர்னே-தார்திஃப் மருத்துவப் பட்டம் பெற்றவர். அவர் அந்தப் பருவத்தை ஒதுக்கிவிட்டுக் கனடாவின் கியூபெக்கில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் பணியாற்றச் சென்றார். இருவருக்கும் பெயரும் பொருளும் இருந்தன. வளர்ந்துவரும் வீரருக்கு ஒரு பருவத்தை விட்டால் வாய்ப்பே போய்விடலாம். எனவே விலக விரும்பினால் முதலில் ஒப்பந்தத்தை ஒரு வழக்கறிஞரிடமோ வீரர் சங்கத்திடமோ காட்டுங்கள். 2020இல் என்எஃப்எல், மருத்துவக் காரணத்தால் விலகியவர்களுக்கு 3,50,000 டாலரும், தாமாக விலகியவர்களுக்குப் பின்னாளில் சம்பளத்தில் கழித்துக்கொள்ளும் முன்பணமாக 1,50,000 டாலரும் வழங்கியது. இத்தகைய ஏற்பாட்டை வீரர் சங்கங்கள் தொடர் தொடங்கும் முன்பே பேசி முடிக்க வேண்டும். தொடங்கிய பிறகு பேரம் பேசும் வலிமை இருக்காது.

ஆடுவதென்று முடிவெடுத்தால் வீட்டில் எளிதில் பாதிக்கப்படக்கூடியவர் இருக்கும்போது தொடர் முடியும்வரை தனியே தங்குவதே நேர்மையான தீர்வு. முடியாவிட்டால் தனி அறை, தனிக் கழிவறை, திறந்த சன்னல், வீட்டுக்குள்ளும் என்95 முகக்கவசம் என்று வைத்துக்கொள்ளலாம். தடுப்பூசி வந்துவிட்டால் கடுமையான நோயின் ஆபத்து வெகுவாகக் குறைகிறது. அப்போது இந்தக் கணக்கு முழுவதையும் மறுபடி போட வேண்டும்.

பாதுகாப்பு வளையத்தின் விலை

பயோ பபிள் என்று அழைக்கப்பட்ட பாதுகாப்பு வளையம் சரியாக அமைந்தால் வேலை செய்யும் என்பதில் ஐயமில்லை. 2020 ஜூலை முதல் அக்டோபர் வரை ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோவில் 22 என்பிஏ அணிகள் ஒரே வளாகத்தில் தங்கி ஆடின. தொடக்கத் தனிமைப்படுத்தலைக் கடந்து உள்ளே வந்த வீரர்களில் ஒருவருக்கும் தொற்று உறுதியாகவில்லை. கனடாவின் டொரன்டோ, எட்மன்டன் நகரங்களில் நடந்த என்எச்எல் ஐஸ் ஹாக்கித் தொடரில் 33,000க்கும் மேற்பட்ட பரிசோதனைகளில் ஒன்றில்கூடத் தொற்று இல்லை. ஆனால் வளையத்தின் வலிமை அதன் மிகப் பலவீனமான நபரைப் பொறுத்தது. 2020 ஜூலையில் இங்கிலாந்துப் பந்துவீச்சாளர் ஜோஃப்ரா ஆர்ச்சர் சவுத்தாம்ப்டனிலிருந்து மான்செஸ்டர் செல்லும் வழியில் தம் வீட்டுக்குப் போய்வந்ததால் இரண்டாம் டெஸ்டிலிருந்து விலக்கப்பட்டார்.

வீட்டு ஏக்கம் மனிதருக்கு இயல்பானது. அதை ஒழுங்கீனமாக மட்டும் பார்க்கும் வளையம் நீண்ட நாள் தாங்காது. என்பிஏ வீரர் பால் ஜார்ஜ் ஆர்லாண்டோ வளையத்துக்குள் பதற்றத்தாலும் மனச்சோர்வாலும் அவதிப்பட்டதை வெளிப்படையாகச் சொன்னார். வளையத்துக்குள் போகும் முன், எத்தனை நாள், குடும்பம் வரலாமா, இடையில் வெளியேறினால் திரும்பிவர என்ன நடைமுறை, பேச மனநல ஆலோசகர் இருக்கிறாரா என்பவற்றை எழுத்தில் வாங்குங்கள். உறக்கம் கெடுவதும், காரணமில்லாத எரிச்சலும், பயிற்சியில் நாட்டம் போவதும் தொடர்ந்தால் அதைக் காயத்தைப் போலவே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

தொற்று வந்துபோன பிறகு

தொற்று நீங்கியதும் அடுத்த நாளே முழு வேகத்தில் ஓட நினைப்பதுதான் வீரர்களின் மிகப் பெரிய ஆபத்து. நோய்க்கிருமிகள் சிலருக்கு இதயத்தசையில் அழற்சியை ஏற்படுத்துகின்றன. அந்த நிலையில் கடுமையாக உழைத்தால் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறி உயிருக்கே ஆபத்தாகலாம். பாஸ்டன் ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணியின் பந்து வீச்சாளர் எட்வார்டோ ரோட்ரிகஸ் கோவிட்-19க்குப் பின் ஏற்பட்ட இதயத்தசை அழற்சியால் 2020 பருவம் முழுவதும் ஆட முடியாமல் போனார். ஓய்வுக்குப் பின் 2021இல் திரும்பிவந்தார். இது அரிதானதுதான். தொற்றிலிருந்து மீண்ட 789 தொழில்முறை வீரர்களைப் பரிசோதித்த அமெரிக்க ஆய்வில் ஐந்து பேருக்கு, அதாவது 0.6 சதவீதத்தினருக்கு மட்டுமே இதய அழற்சி உறுதியானது. அரிது என்பதற்காகச் சோதிக்காமல் விட்டிருந்தால் அந்த ஐந்து பேரும் ஆடுகளத்தில் இருந்திருப்பார்கள்.

அறிகுறி அறவே இல்லாதவரும் சில நாள் பயிற்சியை நிறுத்த வேண்டும். காய்ச்சல், உடல்வலி இருந்தவர் அவை முற்றிலும் நீங்கும்வரை ஓய்வெடுத்து, பிறகு நடை, மெல்லோட்டம், பயிற்சி, ஆட்டம் என்று படிப்படியாக ஏற வேண்டும். ஒரு படியில் சிரமம் தோன்றினால் முந்தைய படிக்கு இறங்க வேண்டும். நெஞ்சுவலி, இயல்புக்கு மீறிய மூச்சுத்திணறல், படபடப்பு, மயக்கம் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் ஈசிஜி, இதயத்தசைச் சேதத்தைக் காட்டும் டிரோபோனின் இரத்தப் பரிசோதனை, எக்கோ எனப்படும் இதய ஸ்கேன் ஆகிய மூன்றும் முடிந்து மருத்துவர் அனுமதிக்கும்வரை பயிற்சி கூடாது. இதயத்தசை அழற்சி உறுதியானால் மூன்று முதல் ஆறு மாதம் விலகியிருக்க வேண்டும் என்பதே கோவிட் காலத்தில் இதய மருத்துவர்களின் பரிந்துரையாக இருந்தது. இறுதிப் போட்டி நெருங்குகிறது என்பதற்காக அந்தக் கெடுவைச் சுருக்கச் சொல்லும் எவருக்கும் செவிகொடுக்காதீர்கள்.

பார்வையாளராகப் போகிறவர்களுக்கு

அரங்கத்தில் உங்கள் இருக்கையை மட்டும் எடைபோட வேண்டாம். ஆயிரத்தில் ஒருவருக்குத் தொற்று உள்ள ஊரில் 5,000 பேர் கூடினால் அவர்களில் குறைந்தது ஒருவராவது தொற்றோடு இருப்பது ஏறக்குறைய உறுதி. அவர் உங்கள் அருகில் இருக்கிறாரா என்பதும், எங்கே, எவ்வளவு நேரம் இருக்கிறார் என்பதும்தான் கேள்வி. 2021 ஜூன், ஜூலை மாதங்களில் நடந்த ஐரோப்பியக் கால்பந்துத் தொடரை ஒட்டி ஸ்காட்லாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு, தொற்று உறுதியானவர்களில் 1,991 பேர் தொடர் தொடர்பான நிகழ்வு ஒன்றிலாவது கலந்துகொண்டதைக் கண்டறிந்தது. அவர்களில் 1,294 பேர் லண்டனுக்குப் பயணம் செய்தவர்கள். ஆனால் வெம்ப்ளி அரங்குக்குள் இருந்தவர்கள் 397 பேர் மட்டுமே. மற்றவர்களில் பலர் ஆட்டத்தைப் பொது இடங்களிலும், மதுக்கூடங்களிலும், வீடுகளிலும் கூடிப் பார்த்தவர்கள். நுழைவுச்சீட்டு கிடைக்காமல் நண்பர் வீட்டு வரவேற்பறையில் பதினைந்து பேராகக் கூடிக் கூச்சலிட்டுப் பார்ப்பது, திறந்த அரங்கில் அமர்ந்திருப்பதைவிடப் பாதுகாப்பானது அன்று. 2020 மார்ச்சில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாடகர் குழுவின் பயிற்சியில் தொற்றுள்ள ஒருவர் இருந்ததால் 61 பேரில் 52 பேர் நோயுற்றதை நினைத்துப் பார்த்தால், மூடிய இடத்தில் உரத்த குரல் என்ன செய்யும் என்பது விளங்கும்.

போவதென்றால் சொந்த வாகனத்தில் அல்லது நடந்து போங்கள். இடைவேளை நெரிசலில் உணவு வரிசைக்குச் செல்லாமல் ஆட்டம் நடக்கும்போதே சென்றுவாருங்கள். கூரையிட்ட உட்புற வழிகளில் என்95 கவசத்தைக் கழற்றாதீர்கள். கூட்டம் கலைந்தபின் எழுந்திருங்கள். தொண்டை கரகரத்தால் வீட்டிலேயே இருந்துவிடுங்கள். அமைப்பாளர்கள் அன்று சீட்டுப் பணத்தைத் திருப்பித் தரும் ஏற்பாட்டை வைத்திருந்தால் பலர் உண்மையைச் சொல்லி வராமல் இருப்பார்கள்; இல்லாவிட்டால் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள்.

நிறுத்தும் வரம்பை முன்பே எழுதுங்கள்

2020 ஜூலை 26 அன்று அமெரிக்காவின் மயாமி மார்லின்ஸ் பேஸ்பால் அணியில் சிலருக்குத் தொற்று உறுதியாகியிருந்தது. அன்றைய ஆட்டத்தில் இறங்குவதா என்பதை வீரர்கள் தங்களுக்குள் ஃபோனில் குழுச் செய்திகள் அனுப்பிப் பேசி, ஆடுவதென்று முடிவெடுத்து, ஃபிலடெல்ஃபியாவில் ஆடியும் விட்டார்கள். அடுத்த சில நாள்களில் அந்த அணியில் 18 வீரர்களுக்குத் தொற்று உறுதியானது. வீரர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆட்டத்துக்குச் சில மணி நேரத்துக்கு முன், ஆடியே பழகிய இளைஞர்களிடம் அந்த முடிவை விட்டுவைத்திருந்த ஏற்பாடுதான் தவறு.

ஆகவே முதல் ஆட்டத்துக்கு முன்பே எழுதி, எல்லோரும் கையெழுத்திட வேண்டிய தாள் ஒன்று உண்டு. அணிக்குள் எத்தனை பேருக்குத் தொற்று வந்தால் ஆட்டம் தானாகவே தள்ளிப்போகும், தொடர்பாளர்கள் எத்தனை நாள் விலகியிருப்பார்கள், ஊரில் தொற்று எந்த அளவைத் தாண்டினால் தொடர் நிற்கும் என்பவை அதில் எண்களாக இருக்க வேண்டும். ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யுஇஎஃப்ஏ 2020இல் ஒரு கோல்காப்பாளர் உட்பட 13 வீரர்கள் ஆடத் தயாராக இருந்தால் ஆட்டம் நடக்கலாம் என்று வரம்பு வைத்தது. அட்டவணையைக் காப்பாற்ற அது போதும், நோயை எடைபோடப் போதாது, ஏனெனில் எஞ்சியுள்ள 13 பேர் நேற்று யாரோடு ஒரே அறையில் இருந்தார்கள் என்பதை அது கேட்பதில்லை. உங்கள் வரம்பு நலமாக இருப்பவர்களின் எண்ணிக்கையைக் கொண்டு அமையாமல், தொற்றுற்றவர்களையும் அவர்களோடு நெருங்கியிருந்தவர்களையும் கொண்டு அமையட்டும். ஆட்டத்தை நிறுத்தும் அதிகாரம் அணியின் வெற்றி தோல்வியோடு ஊதியம் கட்டப்படாத ஒரு மருத்துவரிடம் இருக்கட்டும். அவருடைய தொலைபேசி எண் அணியின் தலைவர் முதல் சலவைப் பணியாளர் வரை ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும்.